புறவிளைவும் பொதுப்பண்டமும்: ஆரணி – வந்தவாசிப் பகுதியின் பட்டையும் ஏரியையும் முன்வைத்து ஒரு பொருளியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரது உற்பத்தியோ நுகர்வோ, அவருடன் எந்தப் பரிமாற்றத்திலும் ஈடுபடாத பிறரைப் பாதிப்பதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். மாசு அதன் எதிர்மறை வடிவம். இதற்குத் தீர்வாகப் பேரம், வரி, கட்டுப்பாடு ஆகியவை பாடநூல்களில் தனித்தனி வழிகளாகச் சொல்லப்படுகின்றன. பாலாற்றுத் தோல் பதனிடும் தொழில், நொய்யல் சாயத் தொழில் ஆகியவற்றின் நீதிமன்ற வரலாறு, இவ்வழிகள் ஒவ்வொன்றும் அளவீடு, கண்காணிப்பு, பராமரிப்பு என்னும் பொதுப்பண்டங்களை நம்பியே நிற்கின்றன என்பதைக் காட்டுகிறது. இப்பொதுப்பண்டங்களை வழங்க ஏற்பாடு இல்லாத இடத்தில் புறவிளைவுக்கான தீர்வும் செயலற்றுப்போகிறது. சிறிய சாயப்பட்டறைகள் சிதறிக் கிடக்கும் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களுக்கு இம்முடிவு எவ்வாறு பொருந்தும் என்பதை, அப்பகுதியின் ஏரிப் பராமரிப்பு மரபோடு இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறவிளைவு, பொதுப்பண்டம், சமூகச் செலவு, சாயக்கழிவு, ஏரி வாரியம், குடிமராமத்து, ஆரணிப் பட்டு.

1. முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணியும் வந்தவாசியும் கைத்தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள். ஆரணி பட்டு நெசவுக்கும், வந்தவாசி கோரைப்பாய் நெசவுக்கும் அறியப்பட்டவை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. இரு ஊர்களையும் சூழ்ந்துள்ள வேளாண்மை, ஏரிப்பாசனத்தையும் கிணற்றுப்பாசனத்தையும் சார்ந்தது. ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாற்றின் குறுக்கே அனுமந்தண்டலத்தில் உள்ள அணைக்கட்டு உத்திரமேரூர் ஏரிக்கு நீர் தருகிறது. பின்னர்ச் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது.

இந்நீர்வழி, பொருளியலின் ஒரு முதன்மைச் சிக்கலை எளிதில் விளக்க உதவுகிறது. மேலே உள்ள ஊரில் ஒரு பொருள் செய்யப்படும்போது ஏற்படும் செலவின் ஒரு பகுதி, கீழே உள்ள ஊரின் கணக்கில் விழக்கூடும். பொருளை வாங்குபவரும் விற்பவரும் அதை அறியாமலே தங்கள் பரிமாற்றத்தை முடித்துக்கொள்வர். அச்செலவை யார், எந்த ஏற்பாட்டின் மூலம் ஏற்பது என்பதே கேள்வி. ஆரணியில் நிகழ்ந்த மாசின் அளவை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிறுதொழில்கள் நிறைந்த ஒரு பட்டு ஊரின் அமைப்பில் புறவிளைவுக் கோட்பாடு எவ்விடத்தில் பொருந்துகிறது, எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதைத் தெளிவுபடுத்துவதே நோக்கம்.

2. கருத்தாக்கங்கள்

2.1 புறவிளைவு

ஒரு பொருளை உற்பத்தி செய்பவர் தம் கையிலிருந்து செலவிடுவது தனியார் செலவு. அதோடு, அவ்வுற்பத்தியால் பிறர் அடையும் இழப்பையும் சேர்த்தால் கிடைப்பது சமூகச் செலவு. இரண்டுக்கும் இடைவெளி இருக்கும்போது, சந்தை விலை உண்மையான செலவைவிடக் குறைவாக அமைகிறது. சமூகத்திற்கு உகந்த அளவைவிட மிகுதியாகப் பொருள் உற்பத்தியாகிறது. இவ்விடைவெளியை 1920இல் வெளிவந்த ‘நலப் பொருளியல்’ என்னும் நூலில் ஆர்தர் பிகு விரிவாக ஆராய்ந்தார். இடைவெளிக்குச் சமமான வரியை விதித்தால் உற்பத்தியாளரே பிறர் இழப்பையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்பது அவர் வழிவந்த முடிவு. புறவிளைவு நன்மையாகவும் அமையலாம். ஒருவர் தம் நிலத்தில் தேக்கும் மழைநீர் அண்டை வயலின் கிணற்றையும் ஊறச் செய்கிறது. அந்நன்மைக்கு அவர் விலை பெறுவதில்லை. ஆதலால் அத்தகைய செயல் தேவையைவிடக் குறைவாகவே நடைபெறும்.

2.2 பொதுப்பண்டம்

1954இல் பால் சாமுவேல்சன் எழுதிய கட்டுரை பொதுப்பண்டக் கோட்பாட்டிற்கு அடித்தளமானது. ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாமை, பயன்பெறுவோரில் எவரையும் விலக்க இயலாமை ஆகிய இரண்டும் பொதுப்பண்டத்தின் இயல்புகள். தூய காற்று, வெள்ளத் தடுப்பு ஆகியவை இத்தகையன. விலக்க இயலாத பண்டத்திற்குப் பணம் தராமலே பயன்பெறலாம் என்பதால் ஒவ்வொருவரும் மற்றவர் தரட்டும் என்று காத்திருப்பர். குழு பெரிதாகப் பெரிதாக இப்போக்கு வலுக்கிறது என்பதை மன்கர் ஓல்சன் 1965இல் விளக்கினார்.

ஏரி இவ்வகைப்பாட்டில் ஒரே பெட்டிக்குள் அடங்குவதில்லை. மதகுவழியே பாயும் நீர் ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைவது. எனவே அது பொதுவள வகையைச் சேர்ந்தது. ஏரியால் நிலத்தடி நீர் ஊறுவதும் வெள்ளம் தணிவதும் பொதுப்பண்டத்திற்கு நெருங்கியவை. ஏரியின் அடிநிலம் கழிவைத் தாங்கும் இடமாகும்போது அதே ஏரி புறவிளைவின் களமாகிறது. ஓர் ஏரியே மூன்று கோட்பாடுகளின் சந்திப்பாக விளங்குவதால்தான் அதன் மேலாண்மையைத் தனி ஒரு கருவியால் தீர்க்க முடிவதில்லை.

3. பட்டில் சேராத செலவு

கச்சாப் பட்டு இழையின்மேல் செரிசின் என்னும் இயற்கைப் பசை படிந்துள்ளது. எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே. சாயம் பற்றவும், பட்டு மென்மையும் பளபளப்பும் பெறவும் இதை நீக்கியாக வேண்டும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை அவிக்கும்போது பசை கரைந்து நீரில் சேர்கிறது. ஒரு கிலோ கச்சாப் பட்டு அவிக்கப்பட்டால் ஏறத்தாழ 250 கிராம் கரிமப் பொருள் கழிவுநீருக்குப் போகிறது. அந்நீர் சுத்திகரிக்கப்படாமல் நீர்நிலையை அடைந்தால், கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். அடுத்த கட்டத்தில் சாயத்தொட்டியில் மீந்த சாயம், அமிலம், உப்பு ஆகியவை சேர்கின்றன.

இவ்விரு கட்டங்களின் இயல்பும் வேறு. பசைக்கழிவு உயிரியல் முறையில் சிதையக்கூடியது. போதிய இடமும் காலமும் தந்தால் எளிய சுத்திகரிப்பே போதும். கரைந்த உப்பு அப்படிச் சிதைவதில்லை. கிணற்றில் சேர்ந்தால் அங்கேயே தங்குகிறது. எனவே பசைக்கழிவால் விளையும் இழப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. உப்பால் விளைவது ஆண்டுகள்தோறும் குவிவது. குவியும் இழப்பை இன்றைய ஒரு நாள் கழிவின் அளவைக்கொண்டு மட்டும் மதிப்பிட்டால் சமூகச் செலவு குறைத்தே கணக்கிடப்படும்.

சேலையின் விலையில் பட்டு, சரிகை, சாயக்கூலி, நெசவுக்கூலி, வணிகரின் பங்கு ஆகியவை அடங்கும். கழிவுநீரால் கிணறு கெட்டால் அதை ஈடுசெய்யும் தொகை அவற்றுள் இல்லை. வாங்குபவர் நல்லெண்ணம் கொண்டவராயினும் அதைத் தர வழியில்லை. தரச் சொல்லும் விலைச்சீட்டு எதுவும் அவர் முன் வைக்கப்படுவதில்லை.

4. பேரம்: கோஸின் வழியும் பாலாறும்

1960இல் ‘சமூகச் செலவுச் சிக்கல்’ என்னும் கட்டுரையில் ரொனால்டு கோஸ், உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேரம் பேசுவதற்குச் செலவே இல்லையெனில், மாசுபடுத்துபவரும் பாதிக்கப்படுபவரும் தாமே பேசித் திறனுள்ள முடிவை எட்டுவர் என்று காட்டினார். அவருடைய வாதத்தின் எடை பின்பகுதியில் உள்ளது: நடைமுறையில் பேரத்திற்குச் செலவு உண்டு, அது பெரிதாக இருக்கும்போது சட்டம் உரிமையை யாருக்கு வழங்குகிறது என்பதே விளைவை முடிவு செய்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் முன்பகுதியை மட்டும் நினைவில் கொள்கின்றன.

பாலாற்றின் வரலாறு பின்பகுதிக்குச் சான்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் பதனிடும் தொழிலின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் தொழிற்கூடங்களைக் கருத்தில் கொண்டது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வு கண்டதையும் அது பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்கூடத்திற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பை மதிப்பிட்டு ஈட்டுத்தொகை வழங்க ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது.

அவ்வாணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு அறுதியிட்டது. ஆயினும் வழக்கு அங்கே முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு முதலில் வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இத்தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள்.

கோஸ் சொன்ன பேரச்செலவு இதுவே. ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான தொழிற்கூடங்கள். மறுபக்கம் பல்லாயிரம் குடும்பங்கள். எந்தத் தொழிற்கூடத்தின் உப்பு எந்தக் கிணற்றைக் கெடுத்தது என்று பிரித்தறிய இயலாது. பாதிக்கப்பட்ட ஒருவர் தனியே வழக்காடினால் செலவு அவருடையது. வெற்றியின் பயன் அனைவருடையது. எனவே வழக்காடுதலும் ஒரு பொதுப்பண்டமாகிறது. 1991இல் ஒரு குடிமக்கள் மன்றம் அச்செலவை ஏற்க முன்வராதிருந்தால், உரிமை ஏட்டில் இருந்தும் பேரமோ வழக்கோ தொடங்கியிராது.

5. விலை: பிகுவின் வழியும் நொய்யலும்

திருப்பூர்ச் சாயத் தொழிலின் கழிவு, விலையின் மூலம் மாசைக் கட்டுப்படுத்தும் முயற்சிக்குத் தமிழகத்தின் தெளிவான எடுத்துக்காட்டு. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. பாசனத்திற்கு நீர் கேட்க வேண்டிய உழவர்கள், அந்நீரைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை உருவாயிற்று. பொதுச்செலவில் அமைந்த ஒரு பண்டம், புறவிளைவால் பொதுத்தீங்காக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் பூஜ்ய வெளியேற்ற நிலையை அடையக் காலக்கெடு விதித்தது. இடைக்காலத்தில் வெளியேற்றப்படும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை படிப்படியாக உயரும் தண்டத்தையும் விதித்தது. இதன் வடிவம் பிகு வரியை ஒத்தது: மாசின் அளவுக்கேற்ப விலை, காலம் செல்லச் செல்ல உயரும் விலை. சாய ஆலை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது. ஆணைகள் நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. விலையில் தொடங்கிய தீர்வு முழுத்தடையில் முடிந்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, தண்டம் சுத்திகரிப்புச் செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை, தண்டத்தைக் கட்டிவிட்டுக் கழிவை வெளியேற்றுவதே தனியொருவருக்கு ஆதாயம். அவ்வாறு வசூலாகும் தொகை இழப்பைச் சரிசெய்யப் பயன்படலாம், மாசை நிறுத்தாது. இரண்டாவது, லிட்டர்க் கணக்கில் தண்டம் விதிக்க லிட்டரை அளக்க வேண்டும். ஒவ்வொரு பட்டறையின் வெளியேற்றுக் குழாயிலும் நம்பத்தக்க அளவி இல்லையெனில் விலை என்பது பெயரளவில் நிற்கும்.

அளக்க இயலாத இடத்தில் நிருவாகம் வேறு அளவுகோலை நாடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சுற்றுச்சூழல் இழப்பீட்டு வாய்பாடு, தொழிலின் மாசுக் குறியீடு, விதிமீறல் நீடித்த நாட்கள், ரூபாய்க் காரணி, தொழிலின் அளவு, அமைவிடம் ஆகிய ஐந்தையும் பெருக்கித் தொகையைத் தருகிறது. சிவப்புப் பிரிவுத் தொழிலுக்கு மாசுக் குறியீடு 80; பரிந்துரைக்கப்பட்ட ரூபாய்க் காரணி 250; சிறுதொழிலுக்கு அளவுக் காரணி 0.5; 10 இலட்சத்திற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊருக்கு அமைவிடக் காரணி 1. இவற்றைப் பெருக்கினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். அதே பட்டறை நாளொன்றுக்கு 5,000 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுவதாகக் கொண்டால், நொய்யல் வழக்கின் உச்ச வீதமான 10 பைசாப்படி தண்டம் 500 ரூபாய் மட்டுமே. ஒரே செயலுக்கு இருபது மடங்கு வேறுபாடு.

எது சரியான தொகை என்பதைவிட, அது எதைப் பொறுத்து மாறுகிறது என்பதே இங்குக் கவனத்திற்குரியது. வாய்பாட்டின்படி, கழிவை 5,000 லிட்டரிலிருந்து 1,000 லிட்டராகக் குறைத்தவருக்கும் குறைக்காதவருக்கும் நாட்கணக்குத் தொகை ஒன்றே. குறைப்பவருக்குப் பயனில்லாத விலை, பிகு சொன்ன விலையாகாது. அது தண்டனையின் இயல்புடையது. அத்துடன் சிறு பட்டறைக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்பது தொழிலையே மூடும் தொகை. மூடும் தொகையை அதிகாரி எளிதில் விதிப்பதில்லை. விதித்தாலும் வசூலாவது அரிது. இவ்வாறு மிகக் குறைந்த விலையும் மிகக் கூடிய விலையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

6. சுத்திகரிப்பு நிலையம் என்னும் பொதுப்பண்டம்

சிறுதொழில்கள் தனித்தனியே சுத்திகரிப்புக் கருவி அமைப்பது கட்டுப்படியாகாது. எனவே பாலாற்றிலும் நொய்யலிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. பொருளியல் நோக்கில் இது 1965இல் ஜேம்ஸ் புக்கானன் விளக்கிய குழாம்பண்டத்தை ஒத்தது: உறுப்பினர் சேர்ந்து செலவைப் பகிர்வர், உறுப்பினரல்லாதாரை விலக்கலாம். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு தலைகீழ் நிலை உண்டு. வழக்கமான குழாம்பண்டத்தில் விலக்கப்பட்டவர் பயனை இழப்பார். இங்கு விலகி நிற்பவர் செலவை மிச்சப்படுத்துகிறார். அவர் கழிவு ஓடையில் இறங்குகிறது. அவர் இழப்பதென்று எதுவுமில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஓர் ஊரில் 40 சாயப்பட்டறைகள் உள்ளன எனக் கொள்க. பொது நிலையத்தில் இணைய ஒவ்வொரு பட்டறைக்கும் மாதம் 3,000 ரூபாய் செலவாகும். ஒரு பட்டறை இணைவதால் ஊரும் கீழ்நிலத்தாரும் தவிர்க்கும் இழப்பு 8,000 ரூபாய். அதில் அப்பட்டறை உரிமையாளரின் சொந்தக் கிணற்றுக்குக் கிடைக்கும் பயன் 200 ரூபாய் மட்டுமே. தனியொருவர் கணக்கில் 3,000 கொடுத்து 200 பெறுவது இழப்பு. எனவே எவரும் தாமாக இணையார். ஊர்க் கணக்கில் 40 பட்டறையும் இணைந்தால் செலவு 1,20,000. தவிர்க்கப்படும் இழப்பு 3,20,000. ஒவ்வொரு மாதமும் ஊர் 2,00,000 ரூபாயைக் கைவிடுகிறது. எவரும் தீயவராக இல்லாமலே இந்நிலை உருவாகிறது.

நிலையம் கட்டப்பட்ட பின்னும் சிக்கல் தொடர்கிறது. கட்டுமானத்திற்கு மானியம் கிடைக்கிறது. மின்கட்டணம், சவ்வு மாற்றுதல், சேற்றை அகற்றுதல் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் உறுப்பினர் பங்கு தேவை. ஒருவர் பங்கைத் தாமதித்தால் மற்றவர் சுமை கூடுகிறது. சுமை கூடினால் அடுத்தவரும் பின்வாங்குகிறார். பூஜ்ய வெளியேற்ற முறையிலும் நீர் மீட்கப்பட்ட பின் கலப்பு உப்பு திடக்கழிவாக எஞ்சுகிறது. அதை யார் எங்கே வைப்பது என்பது மீண்டும் ஒரு புறவிளைவுக் கேள்வி. ஆகவே புறவிளைவைத் தீர்க்க அமைத்த நிலையம், பொதுப்பண்டச் சிக்கலாக உருமாறுகிறது. முதலில் இருந்த கேள்வி மறையவில்லை, இடம் மாறியுள்ளது.

7. ஏரி வாரியமும் குடிமராமத்தும்

பொதுப்பண்டத்தைப் பயனாளிகளே சேர்ந்து காத்தல் இப்பகுதிக்குப் புதிதன்று. வந்தவாசிக்கு வடகிழக்கே உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைத் தருகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர் பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர்.

இவ்விதிகள் பொருளியல் கண்ணோட்டத்தில் ஆழமானவை. பொதுவளத்தைக் காக்கும் குழுவே அதைத் தனதாக்கிக்கொள்ளும் இடர் உண்டு. குறுகிய பதவிக்காலமும் கணக்குக் கடமையும் அவ்விடரைக் குறைக்கின்றன. உறவினருக்கும் தடை விரிவதால், கணக்கு மறைப்பின் செலவு குடும்பம் முழுவதன்மீதும் விழுகிறது. 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் உலகின் பல பகுதிகளில் நீடித்து நின்ற பொதுவள அமைப்புகளை ஆராய்ந்து, தெளிவான எல்லை, பயனுக்கேற்ற பங்கு, பயனாளிகளுக்குப் பொறுப்பான கண்காணிப்பு, படிப்படியான தண்டனை முதலிய பொதுக்கூறுகளைத் தொகுத்தார். அதற்காக 2009இல் அவர் நோபல் நினைவுப் பரிசு பெற்றார். உத்திரமேரூர் விதிகளுள் கண்காணிப்பும் கணக்கும் இக்கூறுகளோடு நெருங்குகின்றன.

இம்மரபைப் போற்றுவதோடு அதன் வரம்பையும் சொல்ல வேண்டும். உறுப்பினராகச் சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் தேவைப்பட்டன. அது பிராமணக் குடியிருப்பின் சபை. உழைப்பவர் பலர் அதற்கு வெளியே நின்றனர். பின்னாளில் குடிமராமத்து எனப்பட்ட கூட்டுழைப்பிலும் மண் சுமந்தவரும் நீர் பெற்றவரும் எப்போதும் ஒருவராக இருந்ததில்லை. ஆங்கிலேய ஆட்சி அதைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம் 1858இல் நிலைநிறுத்த முயன்றது என்பதே, விருப்ப ஒத்துழைப்பு அப்போதே தளர்ந்திருந்ததைக் காட்டும். 2000ஆம் ஆண்டின் உழவர் பாசன மேலாண்மைச் சட்டமும், 2017இல் தமிழக அரசு மீட்டெடுத்த குடிமராமத்துத் திட்டமும் அம்மரபைப் புதிய வடிவில் தொடரும் முயற்சிகள்.

மரபான ஏரி அமைப்பு நீரின் அளவைப் பங்கிடவே உருவானது. மடையைத் திறந்தால் நீர் குறைவது கண்ணுக்குத் தெரியும். முறை மீறியவரை அடுத்த வயல்காரர் அன்றே அறிவார். நீரின் தரம் அவ்வாறன்று. கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. மேலேயுள்ள ஊரில் இறங்கியது கீழேயுள்ள ஏரியை அடைய நாட்கள் ஆகும். ஆரணியின் கழிவுக்கு உத்திரமேரூரின் ஏரி வாரியம் இன்று இருந்தாலும் தண்டம் விதிக்க முடியாது; அவர் எல்லைக்குள் இவர் வருவதில்லை. ஆகவே மரபிலிருந்து பெற வேண்டியது அதன் நிறுவன வடிவத்தை அன்று; கணக்குக் காட்டுதல், பங்குக்கேற்ற பொறுப்பு ஆகிய நெறிகளை.

8. ஆரணி போன்ற ஊருக்குப் பொருந்தும் வழி

மேலே கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பிறக்கிறது. சிதறிய பட்டறைகளில் கழிவுநீரை லிட்டர்க் கணக்கில் அளப்பது கடினம். உள்ளே போகும் பட்டை கிலோக் கணக்கில் அளப்பது எளிது. பட்டு விலை உயர்ந்தது என்பதால் அதன் ஒவ்வொரு கிலோவும் ஏற்கெனவே எங்கோ பதிவாகிறது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் கச்சாப் பட்டை வாங்கி உறுப்பினருக்கு வழங்குகின்றன. மாசை நேரே அளக்க இயலாத இடத்தில் மாசோடு இணைந்து செல்லும் உள்ளீட்டின்மீது கட்டணம் வைப்பது பொருளியலில் ஏற்கப்பட்ட மாற்று வழி.

உள்ளீட்டுக் கட்டணத்திற்கு ஒரு குறை உண்டு: தூய்மையாகச் சாயமிடுபவரும் அசுத்தமாகச் சாயமிடுபவரும் ஒரே தொகை செலுத்துவர். இதை வைப்புத்தொகை – திருப்பித்தரும் முறையால் சரிசெய்யலாம். கிலோவுக்கு 40 ரூபாய் எனக் கொண்டால், பட்டு வாங்கும்போது அது வசூலிக்கப்படும். கழிவுநீரைப் பொது நிலையத்தில் சேர்த்ததற்கான சீட்டைக் காட்டும்போது 30 ரூபாய் திரும்பும். எஞ்சிய 10 ரூபாய் நிலையத்தின் பராமரிப்புக்கு நிற்கும். இங்குக் கழிவைச் சேர்ப்பவருக்குப் பயன் உண்டு. விலகி நிற்பவருக்கு இழப்பு உண்டு. ஆறாம் பகுதியில் கண்ட தலைகீழ் நிலை நேராகிறது. கச்சாப் பட்டின் விலை கிலோவுக்குப் பல ஆயிரம் ரூபாய் என்பதால் இத்தகைய கட்டணம் சேலை விலையில் பெரிய மாற்றத்தை உண்டாக்காது.

கூட்டுறவுக்கு வெளியே வணிகரிடம் பட்டு வாங்குவோர் இவ்வேற்பாட்டைத் தவிர்க்கக்கூடும். அங்குப் புவிசார் குறியீடு துணைசெய்யலாம். ‘ஆரணிப் பட்டு’ என்னும் பெயரின் மதிப்பும் ஒரு கூட்டுச் சொத்தே. அதைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவுசெய்ய 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுக்கிறது. பெயரின் பயனை விரும்புவோர், கழிவுக் கட்டணச் சீட்டையும் காட்ட வேண்டும் என்று உற்பத்தியாளர் அமைப்பே விதி வகுத்துக்கொண்டால், விலக்கக்கூடிய ஒரு பண்டத்தைக்கொண்டு விலக்க இயலாத ஒரு பண்டத்திற்கு நிதி திரட்டலாம்.

இவ்வழியின் நீதிப் பக்கமும் எண்ணத்தக்கது. கட்டணத்தைப் பட்டறையில் வைத்தால் அது சாயக்கூலியைக் குறைக்கும் அழுத்தமாக மாறக்கூடும். சந்தையில் பேரவலிமை குறைந்தவர் சாயத் தொழிலாளியும் நெசவாளருமே. கச்சாப் பட்டு விற்பனை நிலையிலேயே வைத்தால், அது மூலப்பொருள் விலையின் பகுதியாகி வாங்குபவர்வரை செல்லும் வாய்ப்பு மிகுதி. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டில் ‘மாசுபடுத்துபவர்’ தொட்டி முன் நிற்பவர் மட்டும் அல்லர். பட்டை விரும்பி வாங்குபவரும் அதில் பங்குடையவர்.

9. முடிவுரை

புறவிளைவுக்குத் தீர்வாகச் சொல்லப்படும் பேரம், வரி, கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்னும் எண்ணம் முழுமையானதன்று. பாலாற்றில் உரிமை இருந்தும் 34 ஆண்டுகள் வழக்கு நீண்டது. நொய்யலில் விலை விதிக்கப்பட்டும் இறுதியில் தடையே வந்தது. இரண்டிலும் குறைந்திருந்தது ஒன்றே: மாசை அளந்து, கண்காணித்து, நிலையத்தைப் பராமரித்து, கணக்குக் காட்டும் கூட்டு அமைப்பு. அவ்வமைப்பு பொதுப்பண்டமாதலால் அதைத் தனியார் ஊக்கம் மட்டும் தராது.

ஆரணி போன்ற ஊரில் நீரை அளக்கக் காத்திருப்பதைவிடப் பட்டை அளந்து தொடங்குவது இயலக்கூடியது. உத்திரமேரூர்க் கல்வெட்டு கணக்குக் காட்டாதவரை வாரியத்திலிருந்து விலக்கியது. சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் குழுவுக்கும் அவ்விதி பொருந்த வேண்டும். கிலோவுக்கு எவ்வளவு வசூலானது, எவ்வளவு திரும்பியது, எஞ்சியது எதற்குச் செலவாயிற்று என்பதைக் கீழ்நிலத்து உழவரும் படித்தறியும் வகையில் ஆண்டுதோறும் வெளியிடாத எந்த நிலையமும், கட்டடமாக நிற்குமேயன்றிப் பொதுப்பண்டமாக நிற்காது.